பத்துப் பொருள் பட்டியலும் ஒரு பேட்டரி மூடியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணைய ஏலத்தில் எதை விற்றால் லாபம் வரும் என்று பத்துப் பொருள்களைப் பட்டியல் போட்டு உங்கள் நாளிதழின் இணைப்பிதழில் வந்திருந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆர்வத்தோடு, இரண்டாம் முறை எரிச்சலோடு. அந்தப் பட்டியலில் ஏழாவதாக இருப்பது கைபேசி உறை. அந்த வரியைப் படித்ததும் எழுந்துபோய்க் கட்டிலுக்கு அடியில் கிடக்கும் அட்டைப்பெட்டியை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து இந்தக் கடிதத்தைத் தொடங்குகிறேன். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

நான் 31 ஆண்டுகள் கேமரா பழுதுபார்த்தவன். ஃபிலிம் போட்டு எடுக்கும் கேமரா. அந்தத் தொழில் ஓய்ந்தபோது எனக்கு வயது 58. கையில் ஸ்க்ரூடிரைவர்களும், டப்பா டப்பாவாக உதிரி பாகங்களும், சும்மா இருக்கத் தெரியாத மனமும் இருந்தன. இணையத்தில் விற்கலாம் என்று மகள்தான் யோசனை சொன்னாள். ஆனால் நான் முதலில் விற்கப் போனது கேமராவை அல்ல. எனக்குத் தெரிந்ததை யார் வாங்குவார்கள் என்ற எண்ணம். உலகமே எதையோ வாங்கிக்கொண்டிருக்கிறது, அது என்னவென்று தெரிந்துகொண்டால் போதும் என்ற பேராசை. கட்டணம் வாங்கிக்கொண்டு இதைச் சொல்லிக்கொடுக்கும் ஒரு பயிற்சியில் சேர்ந்தேன். அதை நடத்தியவர் திரையில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். கோடு மேலே மேலே ஏறியது. கைபேசி உறை.

ஒரு கைபேசியின் இரண்டு மாடல்களுக்குமாகச் சேர்த்து 200 உறைகள் மொத்தமாக வாங்கினேன். முதல் வாரம் 9 விற்றன. தொழிலதிபர் ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். மூன்றாவது வாரம் அதே உறையை, அதே படத்தைப் போட்டு, 40க்கும் மேற்பட்டவர்கள் விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பயிற்சியில் என்னோடு உட்கார்ந்திருந்தவர்களும் அதில் இருந்திருப்பார்கள். ஒருவர் என் அடக்க விலைக்கும் கீழே கொடுத்தார். எப்படிக் கட்டுப்படியாகிறது என்று இரவெல்லாம் யோசித்தேன். அவர் தயாரிப்பாளரிடமே ஆயிரக்கணக்கில் எடுப்பவர் என்பது பிறகுதான் புரிந்தது. அதற்குள் அந்தக் கைபேசியின் புதிய மாடல் வந்துவிட்டது. கேமராவுக்கான ஓட்டை அரை அங்குலம் நகர்ந்திருந்தது. என் கைமுதலும் அதோடு நகர்ந்துவிட்டது. மொத்தம் 57 விற்று, 143 தேங்கின.

பட்டியல் போடுபவர்கள் பொய் சொல்வதாக நான் குற்றம்சாட்டவில்லை. அவர்கள் சொல்லும் பொருள்கள் விற்கத்தான் செய்கின்றன. நேற்று வரை விற்றது எது என்பதை அவர்கள் இன்று சொல்கிறார்கள். அதைப் படித்தவர்கள் அத்தனை பேரும் நாளைக்குக் கடை விரிக்கிறார்கள். வாங்குபவர் கூட்டம் அப்படியே இருக்க, விற்பவர் கூட்டம் மட்டும் பெருகிவிடுகிறது. உறுதியான லாபம் பார்ப்பவர் பட்டியலை விற்றவர்தான். அவரிடம் சரக்கு தேங்குவதே இல்லை.

இந்த நோய் ஏலத்தளங்கள் பிறந்த காலத்திலேயே பிறந்தது. 1993இல் டை என்ற அமெரிக்க நிறுவனம், உள்ளே சிறு மணிகள் நிரப்பிய துணிப் பொம்மைகளை விற்கத் தொடங்கியது. பீனி பேபி என்று பெயர். சில உருவங்களை இனிமேல் செய்ய மாட்டோம் என்று அவ்வப்போது அறிவிப்பார்கள். உடனே அவற்றுக்குக் கிராக்கி ஏறும். ஈபே என்ற இணைய ஏலத்தளத்தின் தொடக்க ஆண்டுகளில் நடந்த வியாபாரத்தில் இந்தப் பொம்மைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு ஆகும் என்று பெட்டி பெட்டியாக வாங்கிப் பரணில் ஏற்றியவர்கள் இருந்தார்கள். 1999இல் எல்லா உருவங்களையுமே நிறுத்தப்போவதாக நிறுவனம் அறிவித்தது, பிறகு வாடிக்கையாளர்கள் கேட்டுக்கொண்டதாகச் சொல்லித் தொடர்ந்தது. கிராக்கி மட்டும் திரும்பவில்லை. எல்லாரும் பத்திரப்படுத்தி வைத்த பொருள் எப்படி அரிய பொருளாகும்? என் 143 உறைகளை நினைக்கும்போதெல்லாம் அந்தப் பரண்களையும் நினைத்துக்கொள்வேன். துணைக்கு ஆள் இருப்பது ஓர் ஆறுதல்.

அதே தளத்தின் முதல் விற்பனைக் கதை எனக்கு இதைவிடப் பிடித்தது. 1995 செப்டம்பரில் பியர் ஒமிடியார் 'ஆக்‌ஷன்வெப்' என்ற பெயரில் அதைத் தொடங்கினார். முதலில் விலைபோன பொருள் ஓர் உடைந்த லேசர் சுட்டுக்கருவி, ஒளிப்புள்ளியால் சுட்டிக்காட்ட உதவுவது. 14.83 டாலருக்குப் போனது. இது உடைந்தது என்று தெரிந்துதான் கேட்டீர்களா என்று ஒமிடியார் வாங்கியவரிடம் விசாரித்தாராம். உடைந்த லேசர் சுட்டுக்கருவிகளைச் சேகரிப்பவன் நான் என்று பதில் வந்ததாம். (வருங்கால மனைவியின் மிட்டாய்ப் பெட்டிச் சேகரிப்புக்காகவே தளத்தைத் தொடங்கினார் என்றொரு கதையும் வெகுகாலம் உலவியது. அது பத்திரிகைக்காரர்களுக்காக நிறுவனத்தின் மக்கள் தொடர்புப் பிரிவு கட்டிய கதை என்பது பின்னால் வெளிவந்தது. பட்டியல்களை நம்புகிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.) அந்த லேசர் கதையில் என்னைக் கவர்ந்தது 14.83 டாலர் அல்ல. உடைந்தது என்று எழுதியே அவர் விற்றார் என்பதுதான்.

என் கதைக்கு வருகிறேன். உறைகளால் சூடுபட்ட அடுத்த ஆண்டு, பழைய கேமராக்கள் 11 அடங்கிய ஒரு பெட்டி ஏலத்துக்கு வந்தது. 'சோதித்துப் பார்க்கவில்லை' என்று எழுதியிருந்தார்கள். இந்தத் தொழிலில் அதற்கு, சோதித்துப் பார்த்தோம், ஓடவில்லை என்று பொருள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டாவது வரிசையில் கேனன் ஏஇ-1 ஒன்று, குப்புறக் கிடந்தது. 1976இல் வந்து லட்சக்கணக்கில் விற்ற கேமரா அது. அதன் முன்பக்கம், லென்ஸுக்குப் பக்கத்தில் பேட்டரி அறை இருக்கிறது. அதை மூடும் கதவு பெருவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியது, பிளாஸ்டிக். அதன் கொக்கி அரிசி முனை அளவுதான். பேட்டரி மாற்ற அவசரப்பட்டு நகத்தால் நெம்பினால் அந்த முனை ஒடிந்துவிடும். கதவு நிற்காது, பேட்டரி கவ்வாது. பேட்டரி இல்லாமல் அந்த கேமராவின் ஷட்டர் அசையவே அசையாது. மற்றபடி பழுதே இல்லாத கேமரா, அரிசி முனை அளவு பிளாஸ்டிக் போனதால் பேப்பர் வெயிட் ஆகிவிடும். அந்த ஒரு காரணத்துக்காக என் மேசைக்கு வந்த ஏஇ-1களை நான் எண்ணி வைத்திருந்தால் ஒரு நோட்டு நிரம்பியிருக்கும்.

பெட்டி வந்து சேர்ந்தது. அந்த ஏஇ-1இன் உள்ளே துரு, கண்ணாடிப் பெட்டகம் உடைசல், ஷட்டர் துணி கிழிசல். உயிர் கொடுக்க வழியில்லை. ஆனால் பேட்டரிக் கதவு முழுசாக இருந்தது. கொக்கி ஒடியவில்லை. கழற்றி, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, வெள்ளைத் தாளில் வைத்து, அளவு தெரியப் பக்கத்தில் ஒரு தீக்குச்சியையும் வைத்து நான்கு படங்கள் எடுத்தேன். கொக்கியை மட்டும் தனியாக, கிட்டத்தில் ஒரு படம். ஏலத்தில் விட்டேன். ஆறு பேர் கேட்டார்கள். முழுப்பெட்டிக்கு நான் கொடுத்த தொகையில் கால்பங்குக்கு மேல் அந்த ஒரு கதவே கொண்டுவந்துவிட்டது. ஒரு சாதாரணத் தபால் உறைக்குள், இரண்டு அட்டைத் துண்டுகளுக்கு நடுவில் வைத்துக் கடிதம்போல அனுப்பினேன்.

மகள் கணக்கைப் பார்த்துவிட்டு, "அப்பா, கேமராவை விற்காமல் கேமராவின் கதவை விற்றிருக்கிறீர்களே" என்று சிரித்தாள். அன்றிலிருந்து நான் தேடுவது என்னவென்று எனக்குத் தெளிவாகிவிட்டது. எது அடிக்கடி உடையும், எது தொலையும், எது இல்லாவிட்டால் முழுப்பொருளும் வீணாகும் என்று பார்ப்பேன். லென்ஸ் பின்மூடி, ஃபிலிம் சுருட்டும் கைப்பிடி, பார்வைச் சாளரத்தின் ரப்பர், பயன்படுத்தும் முறை அச்சிட்ட சிறு புத்தகம். புத்தகம் காகிதம்தானே என்று நினைக்காதீர்கள். கேமரா பெட்டியோடும் புத்தகத்தோடும் முழுமையாக இருக்க வேண்டும் என்று அலைகிற சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். எந்தத் துறையிலும் இப்படி ஒரு பேட்டரி மூடி உண்டு. தையல் இயந்திரம் பழுதுபார்த்தவருக்கும், வீட்டில் நாற்பது ஆண்டு மிக்ஸி ஓட்டியவருக்கும் அது என்னவென்று தெரியும். பட்டியல் எழுதுபவருக்குத் தெரியாது.

இதிலும் ஒரு முடிவு வந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முப்பரிமாண அச்சு இயந்திரம் வைத்திருப்பவர்கள் அந்தக் கதவையே அச்சடித்து விற்கத் தொடங்கினார்கள். நன்றாகவே செய்கிறார்கள். அசல் கதவுக்கு இருந்த கிராக்கி பாதியாகிவிட்டது. அதற்குள் நான் வேறு பாகங்களுக்கு நகர்ந்திருந்தேன்.

ஏலம் என்ற சொல்லைப் பற்றி உங்கள் கட்டுரை ஒரு வரிகூட எழுதவில்லை. எந்தப் பொருளை எடுப்பது என்பதைத் தீர்மானிப்பதே அதுதான். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று கூவும் ஏலத்தை நாம் அறிவோம். இணைய ஏலத்தில் கூவுபவர் இல்லை, கடிகாரம் இருக்கிறது. வாங்குபவர் தன்னால் அதிகபட்சம் எவ்வளவு முடியும் என்பதைத் தளத்திடம் சொல்லிவிடுகிறார். தளம் அதை வெளியிடாமல் வைத்துக்கொண்டு, அடுத்தவர் கேட்பதைவிடச் சற்று மேலே மட்டும் அவர் சார்பில் ஏற்றிக்கொண்டே போகிறது. அதனால் கடைசி விலையை நிர்ணயிப்பவர் ஜெயித்தவர் அல்லர், தோற்ற இரண்டாமவர். வில்லியம் விக்ரி என்ற பொருளியலாளர் 1961இல் எழுதிய ஆய்வில் அலசிய ஏல முறைக்கு இது நெருங்கிய உறவு. 1996இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எனக்கு இது ஆய்வு படித்துத் தெரிந்ததல்ல, பட்டுத் தெரிந்தது. ஒரு நிறுவனத்தின் லென்ஸை இன்னொரு நிறுவனத்தின் கேமராவில் பொருத்த உதவும் வளையம் ஒன்று என்னிடம் இருந்தது. அப்படி ஒன்றை என் 31 ஆண்டுகளில் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். அரிய பொருள், அடித்துக்கொண்டு வாங்குவார்கள் என்று நினைத்து, மிகக் குறைந்த தொடக்க விலையில் விட்டேன். ஒருவர் கேட்டார். ஒரே ஒருவர். தொடக்க விலைக்கே முடிந்துவிட்டது. பொருள் கிடைத்ததும் அவர் மகிழ்ச்சியோடு எழுதினார்: இரண்டு ஆண்டுகளாக இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன், இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை. நல்ல மனிதர். அந்தக் கடிதத்தை மட்டும் அவர் எழுதாமல் இருந்திருக்கலாம்.

அப்போதிலிருந்து ஒரு பொருளை எடுத்தால், இதை யார் விரும்புவார் என்று கேட்டுக்கொள்வதில்லை. அதே வாரத்தில் இதை விரும்பும் இரண்டாவது ஆள் இருப்பாரா என்று கேட்டுக்கொள்கிறேன். ஒருவர் மட்டும் தேடும் அரிய பொருள் என்றால், விலையை எழுதி வைத்துவிட்டுக் காத்திருப்பேன். அவர் வரும்போது வரட்டும். எங்கும் கிடைக்கும் பொருள் என்றாலும் நிலையான விலைதான், ஏலத்துக்கு அங்கே வேலையில்லை. ஈபே தளமே 2000ஆம் ஆண்டில் 'உடனே வாங்கு' என்ற வசதியைக் கொண்டுவந்தது. இன்று அங்கு நடக்கும் விற்பனையில் பெரும்பகுதி ஏலமே இல்லாமல்தான் நடக்கிறது. ஏலத்துக்கு நான் விடுவது நடுவில் இருப்பவற்றை. விரும்புபவர்கள் நாலைந்து பேராவது இருக்க வேண்டும், ஒன்றைப்போல் ஒன்று இருக்கக் கூடாது, என்ன விலை என்று எனக்கே உறுதியாகத் தெரியக் கூடாது. அந்த மூன்றும் கூடினால் ஏலம் பேசும்.

விலை தெரியாது என்றால் கண்ணை மூடிக்கொண்டு விடுவதல்ல. விற்பவர்கள் கேட்கும் விலையைப் பார்ப்பது வீண். கேட்பதற்குக் காசா பணமா. விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிக் காட்டும் வசதியை பெரிய தளங்கள் சில ஏதோ ஒரு வடிவில் வைத்திருக்கின்றன. எதையும் முதல் போட்டு வாங்குவதற்கு முன் ஆறு வாரம் அதை வேடிக்கை பார்த்து நோட்டில் குறிப்பேன். விற்காமல் திரும்பியது எத்தனை, விற்றது எத்தனை, விற்றதில் எத்தனை பேர் கேட்டார்கள். ஒரு பொருளுக்கு ஒருவர் ஏறுமாறாகக் கொடுத்தார் என்பதில் செய்தி இல்லை. ஆறு வாரமும் மூன்று மூன்று பேர் கேட்டார்கள் என்றால் அதில் இருக்கிறது.

ஏலம் விட்டு ஐந்தாவது நாளும் யாரும் கேட்காவிட்டால் புதியவர்கள் கலங்கி ஏலத்தை ரத்துசெய்துவிடுகிறார்கள். நானும் ஒருமுறை செய்திருக்கிறேன். விவரம் அறிந்தவர்கள் கடைசி நிமிடத்தில், சில சமயம் கடைசி நொடிகளில்தான் வருவார்கள். ஆல்வின் ராத், ஆக்ஸெல் ஓக்கன்ஃபெல்ஸ் என்ற இரண்டு பொருளியலாளர்கள் இதையே ஆராய்ந்து 2002இல் வெளியிட்டார்கள். குறித்த நேரத்தில் கறாராக முடியும் ஈபே ஏலங்களில் கடைசி நேரத்தில் கேட்பது மிக அதிகம்; யாராவது கடைசியில் கேட்டால் பத்து நிமிடம் தானாக நீளும் முறையை வைத்திருந்த அமேசான் ஏலங்களில் அது குறைவு. ஆகவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள். அல்லது என்னைப்போலத் தூங்கிவிடுங்கள்.

மறுபடியும் உடைந்த லேசருக்கு வருகிறேன். ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளியலாளர் 1970இல் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். குறை என்னவென்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லாவற்றையுமே மட்டமான வண்டியாக எண்ணி விலையைக் குறைக்கிறார். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்க மாட்டார். கடைசியில் சந்தையில் மட்டமானவையே மிஞ்சும். என் அனுபவத்தில் இணைய ஏலத்தில் வரும் லாபத்தில் பாதி இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. குறையைப் பார்க்கத் தெரிந்தவன் குறையை எழுதினால், வாங்குபவர் அச்சத்துக்காகக் கழித்துக்கொண்ட விலை திரும்பிவருகிறது.

என் விளம்பரம் ஒன்றில் நான் எழுதியதைச் சொல்கிறேன். "ஷட்டரை அழுத்தும்போது இருமல்போல ஒரு கிறீச்சொலி வருகிறது. இந்த வகை கேனன்களில் எண்ணெய் வற்றினால் வரும் ஒலி இது. இப்போது படம் எடுக்கத் தடையில்லை. நாளடைவில் கவனிக்க வேண்டியிருக்கும். பின்கதவில் ஒளி புகாமல் தடுக்கும் பஞ்சு உளுத்துப் பிசுபிசுத்திருந்தது. சுரண்டி எடுத்துப் புதிது ஒட்டியிருக்கிறேன். லென்ஸின் உள்பக்கம் ஓரத்தில் மிளகளவு பூஞ்சை இருக்கிறது. நான்காவது படத்தில் டார்ச் அடித்துக் காட்டியிருக்கிறேன்." அதே வாரம் அதே கேமராவை, 'அருமையான நிலை' என்ற இரண்டே சொற்களோடு இன்னொருவர் விட்டிருந்தார். என்னுடையது கூடுதல் விலைக்குப் போனது, பூஞ்சையோடு. திரும்பியும் வரவில்லை. பொருள் திரும்பிவந்தால் போக்குவரத்துச் செலவு இரண்டு தடவை, மனக்கசப்பு மூன்று தடவை.

சில சமயம் அறிவு நேரடியாகவே காசாகிறது. 1960களிலும் 70களிலும் வந்த சில லென்ஸ்களின் கண்ணாடியில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருளைக் கலந்திருப்பார்கள். பென்டாக்ஸின் 50 மி.மீ. சூப்பர் டாக்குமார் லென்ஸில் ஒரு வகை அப்படிப்பட்டது. இலேசான கதிரியக்கத்தால் கண்ணாடி காலப்போக்கில் தேநீர் நிறத்துக்குப் பழுத்துவிடும். விவரம் தெரியாதவர் கெட்டுப்போனது என்று சல்லிசாகத் தள்ளிவிடுவார். புற ஊதா ஒளியில், வெயிலில்கூட, நாள்கணக்கில் வைத்திருந்தால் அந்தப் பழுப்பு வெகுவாகக் குறையும். ஜன்னலோரம் வைத்து, எதையும் பொசுக்கிவிடாமல் பின்பக்கம் மூடிபோட்டு, மூன்று வாரம் காத்திருந்து, முன்னும் பின்னும் படமெடுத்துப் போட்டு விற்றிருக்கிறேன். தோரியம் இருக்கிறது என்பதையும் எழுதித்தான் விற்றேன்.

வாங்கும் இடத்தில் எனக்கும் அடி உண்டு. விற்பதற்கான சரக்கை ஏலத்திலேயே எடுப்பவர்கள் கவனிக்க வேண்டும்: ஒரு பெட்டியின் மதிப்பைப் பத்துப் பேர் பத்து விதமாகக் கணித்தால், உண்மையான மதிப்புக்கு மேலே மிக அதிகமாகத் தப்புக் கணக்குப் போட்டவர்தான் ஜெயிப்பார். எண்ணெய் வயல் ஏலங்களைப் பார்த்த மூன்று பொறியாளர்கள் இதை 1971இலேயே எழுதினார்கள். ஒருமுறை லென்ஸ் பெட்டி ஒன்றுக்கு இன்னொருவரோடு வீம்புக்கு ஏறி ஏறிக் கேட்டேன். ஜெயித்தேன். உள்ளே இருந்த எட்டில் ஆறு பூஞ்சை தின்றவை, மேற்பூச்சே அரித்துப்போனவை. தோற்றவர் எங்கோ நிம்மதியாக இருப்பார்.

கணக்கு எழுதுவதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அலுப்பான விஷயம். ஆனால் எழுதாதவர்களுக்கு லாபம் வந்ததா என்பதே தெரியாது. 100க்கு விற்றால் 100 வருவதில்லை. தளம் எடுத்துக்கொள்ளும் கழிவு (கமிஷன்), பணம் பெறுவதற்கான கழிவு, அட்டை, டேப், அனுப்பும் செலவு, பத்தில் ஒன்று திரும்பிவந்தால் அதற்கான நட்டம். கேமராவை நிறுத்தும் முக்காலிகளை (ட்ரைபாட்) நான் விட்டதே இதனால்தான். ஒரு முக்காலியின் எடை 1.4 கிலோ. அதை வைக்கும் பெட்டி 60 செ.மீ. நீளம், 15 அகலம், 15 உயரம். கூரியர்கள் பலரும் இந்த மூன்றையும் பெருக்கி 5000ஆல் வகுத்துப் பார்ப்பார்கள்: 2.7 கிலோ. இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். உள்ளே இருக்கும் காற்றுக்கு நான் காசு கட்டினேன். தனி லித்தியம் பேட்டரிகளையும் தொடுவதில்லை. விமானத்தில் அனுப்ப ஆயிரம் கட்டுப்பாடுகள். தந்தம் பதித்த பழம்பொருள்கள் கண்ணில் பட்டால் கைகூப்பிவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஈபே 2009இலிருந்தே தந்த விற்பனையைத் தடைசெய்திருக்கிறது.

என் தங்கை மகன் ஒருமுறை, "மாமா, வேறு பெயரில் நான் இரண்டு தடவை கேட்டு விலையை ஏற்றிவிடட்டுமா?" என்று கேட்டான். அன்பினால் கேட்டான். அது மோசடி, கணக்கையே முடக்கிவிடுவார்கள் என்று சொன்னேன். அதோடு, கடைசியில் அவனே ஜெயித்துத் தொலைத்தால் கழிவு கட்டப்போவது நான்.

போன ஆண்டுக் கணக்கை முடித்து மகளிடம் பெருமையாகக் காட்டினேன். பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அப்பா, உங்கள் கூலியை எந்த வரியில் எழுதியிருக்கிறீர்கள்?" எழுதவில்லை. பிறகு எழுதிப் பார்த்தேன். ஒரு கேமராவைச் சுத்தம்செய்து, படமெடுத்து, விவரம் எழுதி, கேள்விகளுக்குப் பதில் சொல்லி, பொட்டலம் கட்ட எனக்கு நான்கு மணிநேரம் ஆகிறது. பேட்டரி மூடிக்கு 25 நிமிடம். கூலியைக் கழித்ததும் கேமராக்களில் பாதி நட்டக் கணக்குக்குப் போய்விட்டன. இருந்தும் கேமராக்களை நான் நிறுத்தவில்லை. அந்த வேலை எனக்குப் பிடிக்கும். ஆனால் அதை லாபம் என்ற தலைப்பின் கீழ் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு பட்டியல் உங்கள் இதழில் வந்தால், அதே கட்டுரையாளர் முந்தைய ஆண்டு என்ன பட்டியல் கொடுத்தார் என்பதையும் பக்கத்திலேயே அச்சிடுங்கள். இடம் போதாவிட்டால் என் கடிதத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

கட்டிலுக்கு அடியில் இருக்கும் பெட்டியில் இப்போது 88 உறைகள்தான் இருக்கின்றன. மற்றவை விற்கவில்லை. லென்ஸைப் பொட்டலம் கட்டும்போது மேலே ஒன்று, கீழே ஒன்று வைத்தால் குலுங்காமல் போய்ச்சேருகிறது. உறை ஏன் வந்தது, இதற்கும் சேர்த்துப் பணம் அனுப்ப வேண்டுமா என்று வாங்கிய ஒருவர் கேட்டிருந்தார்.

இப்படிக்கு,
ஃபிலிம் கேமரா பழுதுபார்க்கும் வாசகர் ஒருவர்